ஜும்ஆ உரை: மருத்துவக் காப்பீடு – தனி மனிதனும் ஜமாஅத்தும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



போன வாரம் இஷா தொழுகைக்குப் பிறகு ஒரு தம்பி எனக்காகக் காத்திருந்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவர். இப்போது ஊருக்கு வந்து சொந்தமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். "ஹஜ்ரத், கம்பெனியில இருந்தவரை குரூப் இன்சூரன்ஸ் இருந்துச்சு. நான் கேட்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல, அவங்களே போட்டிருந்தாங்க. இப்ப அது போயிடுச்சு. வீட்டுல அம்மாவுக்கு சுகர், எனக்கு பிரஷர். தனியா பாலிசி எடுக்கலாமா?" என்று கேட்டார். அவர் கையில் ஏஜெண்ட் கொடுத்த ஒரு காகிதம் இருந்தது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், இதே கேள்விக்கு ஏழெட்டு வருடங்களுக்கு முன் நான் சொன்ன ஒரு பதில் இன்னும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

அப்போது கேட்டவர் நாமக்கல் பக்கம் லாரி டிங்கரிங் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். நான் நின்றுகொண்டே, "கூடாது பாய், அதில் கரர் இருக்கிறது, வட்டி கலந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். மஸ்அலா அளவில் நான் சொன்னதில் தவறில்லை. அவரும் எடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு நள்ளிரவில் அவருக்கு நெஞ்சுவலி. தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். பில் ஏறக்குறைய மூன்று லட்சம். வீட்டு நகை அடகுக்குப் போனது. மீதியை மீட்டர் வட்டிக்கு வாங்கினார்கள். நோய் விசாரிக்கப் போன என்னிடம் அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "ஹஜ்ரத், நீங்க கூடாதுன்னு சொன்னதால நான் எடுக்கல. இப்ப மாசாமாசம் வட்டி கட்டிக்கிட்டு இருக்கேன். இது கூடுமா?"

என்னிடம் பதில் இல்லை. அன்று நான் பாதி ஃபத்வாதான் சொன்னேன். மீதிப் பாதியை இன்று சொல்ல வேண்டும்.

கம்பெனி குரூப்பும் தனிப் பாலிசியும்

முதலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்வோம்.

கம்பெனி எடுக்கும் குரூப் காப்பீட்டில் ஒப்பந்தம் கம்பெனிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையில் நடக்கிறது. தொழிலாளி அதில் ஒரு பெயர் மட்டுமே. இளைஞர், முதியவர், நோயாளி, ஆரோக்கியமானவர் எல்லோரும் ஒரே கூட்டமாகச் சேர்வதால் ஒருவரின் சுமை எல்லோர் மீதும் பரவிவிடுகிறது. அதனால்தான் பெரும்பாலான குரூப் பாலிசிகளில் முன்பே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால் வேலை போனால் அதுவும் போய்விடும்.

தனிப் பாலிசியில் ஒப்பந்தக்காரர் நீங்களே. நிறுவனம் உங்கள் ஒருவரின் வயதையும் நோயையும் எடைபோட்டு விலை சொல்கிறது. வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். நோய் வந்த பிறகே ஆட்கள் வந்து சேர்வார்கள் என்ற பயத்தில், காத்திருப்புக் காலம் என்று ஒரு வேலியும் போடுகிறார்கள். ஆனால் ஒழுங்காகப் புதுப்பித்து வந்தால் அது உங்களோடு கடைசி வரை வரும். நீங்கள் முன்பு கிளைம் வாங்கினீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது.

அதாவது, குரூப் என்பது கூட்டத்தோடு நடப்பது. தனிப் பாலிசி என்பது தனியாக நடப்பவன் காசு கொடுத்து ஒரு கூட்டத்தைத் தேடிக்கொள்வது.

உலமாக்கள் என்ன சொல்கிறார்கள்?

வணிகக் காப்பீட்டைப் பற்றி ஃபிக்ஹு நூல்களில் முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள். 1836-ல் வஃபாத்தான அவர்கள், கப்பல் சரக்குகளுக்கு எடுக்கப்பட்ட காப்பீட்டை ஆராய்ந்து, அதைக் கூடாது என்றார்கள். 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், குறிப்பிட்ட பிரீமியம் வாங்கிச் செய்யும் வணிகக் காப்பீட்டில் பெரிய அளவில் கரர், அதாவது நிச்சயமின்மை இருக்கிறது, எனவே அது ஆகாது என்று தீர்மானித்தது. அதே தீர்மானம், ஒருவருக்கொருவர் உதவும் நோக்கில் நன்கொடை அடிப்படையில் அமையும் கூட்டுறவுக் காப்பீடு ஆகும் என்றும் சொன்னது. தடுத்ததோடு நிற்காமல் ஒரு வாசலையும் திறந்து வைத்தார்கள்.

அந்த வாசல் வழியாகத்தான் தகாஃபுல் வந்தது. சூடானில் 1979-ல் அதற்கான நிறுவனம் தொடங்கியது. மலேசியா 1984-ல் தனிச் சட்டமே இயற்றியது. நம் பக்கத்து இலங்கையில் 1999-லிருந்து அமானா தகாஃபுல் இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு நிறுவனம் இல்லை. காப்பீட்டு நிறுவனம் தொடங்கவே 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும் என்பது சட்டம்.

நம் நாட்டு உலமாக்கள் என்ன சொன்னார்கள்? இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2006-ல் மைசூரில் நடத்திய கருத்தரங்கில் மருத்துவக் காப்பீடு பற்றிப் பேசப்பட்டது. சாதாரண நிலையில் அது ஆகாது, சட்டப்படி கட்டாயம் என்றால் அனுமதி உண்டு என்பது அதன் சுருக்கம். அப்படிப்பட்ட நிலையில், தான் கட்டியதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருந்தால், வசதியுள்ளவர் அந்தக் கூடுதல் அளவுக்கு நன்மையை எதிர்பார்க்காமல் தர்மம் செய்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். சிரியாவின் முஸ்தஃபா அஸ்ஸர்கா (ரஹ்) போன்ற சில அறிஞர்கள் காப்பீடே அடிப்படையில் ஆகும் என்று கருதினார்கள். ஆக, பெரும்பாலோர் தடுக்கிறார்கள், சிலர் அனுமதிக்கிறார்கள். தடுப்பவர்களிலும் பலர், உண்மையான தேவை இருக்கும் இடத்தில் சலுகை தருகிறார்கள்.

"காப்பீடு எடுப்பதே தவக்குலுக்கு முரண்" என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததைத் திர்மிதியில் பார்க்கிறோம். மருத்துவம் செய்துகொள்ளவும் ஏவினார்கள். எனவே கேள்வி, கட்டலாமா என்பதல்ல. எந்தக் கயிற்றால் கட்டுவது என்பதுதான்.

ஆகிலா: ஷரீஅத் போட்டுத் தந்த குரூப்

சகோதரர்களே! இந்த இடத்தில்தான் நான் விட்டுவிட்ட மீதிப் பாதி இருக்கிறது.

மத்ரஸாவில் ஹிதாயா ஓதியவர்கள் எல்லோரும் ஆகிலா பாடத்தைக் கடந்துதான் வந்திருப்போம். ஒருவர் தவறுதலாக ஓர் உயிர் போகக் காரணமாகிவிட்டால் 100 ஒட்டகம் நஷ்டஈடு. தனி மனிதனால் அது முடியுமா? முடியாது. எனவே அவரைச் சேர்ந்த கூட்டம் அதைச் சுமக்க வேண்டும் என்று ஷரீஅத் சொல்கிறது. அந்தக் கூட்டத்துக்குத்தான் ஆகிலா என்று பெயர். எப்படிச் சுமப்பது? மூன்று வருடத்தில் தவணையாக. மொத்தமாகச் சேர்த்தும் ஓர் ஆள் மீது மூன்று அல்லது நான்கு திர்ஹத்துக்கு மேல் விழக்கூடாது. சுமை பெரிது, ஆனால் ஒவ்வொரு தோளிலும் ஏறுவது சிறிது.

அந்தக் கூட்டம் யார்? முதலில் கோத்திரம். பிறகு உமர் (ரலி) அவர்கள் காலத்தில் தீவான் எனும் பதிவேடு வந்தபோது, ஒரே பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் ஆகிலா ஆனார்கள். இதை வைத்து நம் ஹனஃபி இமாம்கள் சொன்ன விளக்கம் வியப்பானது. ஒரு காலத்தில் மக்கள் தொழிலின் அடிப்படையில் ஒருவருக்கொருவர் துணை நின்றால், அந்தத் தொழில்காரர்களே ஆகிலா. அப்படியானால் நம் ஊருக்கு அது யார்? செவ்வாப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர்கள், பள்ளிபாளையம் விசைத்தறிக்காரர்கள், நாமக்கல் லாரிக்காரர்கள், திருச்செங்கோடு போர்வெல் வண்டிக்காரர்கள் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

ஒருவருக்குக் கோத்திரமும் இல்லை, பதிவேடும் இல்லை என்றால்? அவருக்கு பைத்துல் மால்தான் ஆகிலா என்றார்கள். அதாவது ஷரீஅத்தின் கணக்கில் கூட்டம் இல்லாத மனிதன் என்று ஒருவன் கிடையாது.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்ததும் எழுதப்பட்ட உடன்படிக்கையிலும் இதுவே இருந்தது. ஒவ்வொரு கூட்டமும் தன் ஆட்களின் நஷ்டஈட்டையும் கைதிகளின் மீட்புத் தொகையையும் சேர்ந்து சுமக்க வேண்டும். கடன் சுமையில் அழுந்தியவரை முஃமின்கள் கைவிடக்கூடாது. அஷ்அரீ கோத்திரத்தாரை நபியவர்கள் மனம் திறந்து பாராட்டிய செய்தி புகாரி, முஸ்லிமில் வருகிறது. உணவு குறைந்தால் அவரவரிடம் இருப்பதை ஒரே துணியில் கொட்டி, சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதற்காகத்தான் அவர்களைத் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று சொன்னார்கள்.

இப்போது என் தவறு உங்களுக்குப் புரிந்திருக்கும். "தனியாக எடுக்காதே" என்று அந்த பாய்க்கு நான் சொன்னேன். "நாங்கள் உன் கூட்டமாக நிற்கிறோம்" என்று நானும் சொல்லவில்லை, ஜமாஅத்தும் சொல்லவில்லை. ஆகிலாவை எடுத்துவிட்டு, கரரை மட்டும் காட்டினோம். விளைவு, சந்தேகமான ஒன்றிலிருந்து தப்பியவர் சந்தேகமே இல்லாத வட்டியில் போய் விழுந்தார்.

முதலில் உங்களுக்கு உரியதைப் பெறுங்கள்

பாலிசி எடுக்கலாமா என்று கேட்கும் முன், ஏற்கனவே நாம் எந்தெந்தக் கூட்டத்தில் இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

ஒன்று: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் இப்போதைய வடிவம் பெற்றது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, அரசு ஆஸ்பத்திரியிலும் சேர்க்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிரீமியத்தை அரசு கட்டுகிறது. நாம் ஒப்பந்தமும் செய்வதில்லை, காசும் கட்டுவதில்லை. இதில் கூடுமா கூடாதா என்று தயங்க வேண்டியதில்லை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள திட்ட மையத்தில் பதிய வேண்டும். விவரத்துக்கு 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். வலி வந்த பிறகு வி.ஏ.ஓ.வைத் தேடி ஓடாதீர்கள். ஆனால் வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்று வாங்குவது பொய் சாட்சியம். அது ஏழையின் பங்கைத் தின்பதும் ஆகும்.

இரண்டு: இ.எஸ்.ஐ. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு இது சட்டப்படியான உரிமை. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பட்டறை, மில், கடை நடத்தும் முதலாளிகளே! உங்கள் பங்கைக் கட்டாமல் ஆளின் பெயரை மறைப்பது தொழிலாளியின் கூலியில் கை வைப்பதற்குச் சமம். நாளை மறுமையில் கூலிக்காரனின் வழக்கை அல்லாஹ்வே விசாரிப்பான் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று: நம் ஊர் நெடுஞ்சாலை ஊர். தினமும் விபத்துச் செய்தி கேட்கிறோம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, நிர்ணயித்த வரம்பு வரை, சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் கட்டணமில்லை. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் இது உண்டு.

நான்கு: சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே போவதைக் கௌரவக் குறைவாக நினைத்துக் கடனாளி ஆகிறோம். கௌரவம் கடனில்லாமல் வாழ்வதில் இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கூட்டம் வெளியே நிற்கிறது. வருடம் 1,20,000 என்றால் மாதம் 10,000 ரூபாய். தந்தையும் மகனும் உழைக்கும் வீடு அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் மூன்று லட்சம் பில்லைத் தாங்கும் வீடும் அல்ல. அட்டை வாங்க வசதி அதிகம், ஆஸ்பத்திரிக்கு வசதி குறைவு. நம் மஹல்லாவில் பாதிப் பேர் இவர்கள்தான். அந்த டிங்கரிங் பாயும் இவர்களில் ஒருவர்.

இவர்களுக்கு ஜமாஅத்தே ஆகிலாவாக வேண்டும். கணக்கைப் பாருங்கள். 300 வீடுகள் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் வருடம் 3,60,000 ரூபாய். அந்த பாயின் பில்லைவிட அதிகம் இது. இதற்கு மூன்று ஒழுங்குகள் வேண்டும்.

1. கொடுப்பது நன்கொடையாக இருக்க வேண்டும். "நான் இவ்வளவு கட்டினேன், எனக்கு இவ்வளவு தா" என்ற பேரம் வரக்கூடாது. இவ்வளவு தருவோம் என்று ஜமாஅத்தும் வாக்குறுதி தரக்கூடாது. வாக்குறுதி கொடுத்துப் பணம் வாங்கினால் ஷரீஅத்தில் பழைய கரர் திரும்பி வரும். நாட்டுச் சட்டத்தில் அனுமதியில்லாத காப்பீட்டுத் தொழிலாகவும் ஆகிவிடலாம்.

2. ஜகாத்துக்குத் தனிக் கணக்கு, பொது நன்கொடைக்குத் தனிக் கணக்கு. நம் மத்ஹபில் ஜகாத் பணத்தைத் தகுதியானவரின் கையில் உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும். ஏழை நோயாளியும் கடனாளியும் அதற்குத் தகுதியானவர்கள். மற்றவர்களுக்குப் பொதுக் கணக்கிலிருந்துதான் உதவ வேண்டும்.

3. வரவு செலவை ஒவ்வொரு மாதமும் அறிவிக்க வேண்டும். ஆனால் வாங்கியவரின் பெயரை அறிவிக்கக் கூடாது.

தனியாக எடுக்கும் நிலை வந்தால்

ஜமாஅத் எழுந்து நிற்கும்வரை நோய் காத்திருக்காது. அரசு அட்டை கிடைக்காது, கம்பெனி குரூப் இல்லை, கையில் சேமிப்பில்லை, வீட்டில் நோய் இருக்கிறது என்ற நிலையில், சிகிச்சை மட்டுமே நோக்கமாக ஒருவர் தனிப் பாலிசி எடுத்தால், தேவை கருதி உலமாக்கள் தரும் சலுகை அவருக்கு உண்டு என்பதே என் கருத்து. இது எல்லோருக்கும் பொது அனுமதி அல்ல. அவரவர் நிலையை ஒரு முஃப்தியிடம் சொல்லிக் கேளுங்கள். அப்படி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. நோயை மறைக்காதீர்கள். "சுகரை எழுத வேண்டாம் பாய், பிரீமியம் ஏறிடும்" என்று ஏஜெண்ட் சொல்வார். அது மோசடி. ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்பது நபியின் எச்சரிக்கை. உலகக் கணக்கிலும் நஷ்டம்தான். கிளைம் நேரத்தில் பழைய மருந்துச் சீட்டு வெளியே வரும், கிளைம் நின்றுவிடும்.

2. முதல் 30 நாளுக்கு விபத்தைத் தவிர மற்றவற்றுக்குப் பணம் கிடைக்காது. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 வருடம். 2024-க்கு முன் அது 4 வருடமாக இருந்தது. 65 வயதுக்கு மேல் புதிதாக எடுக்க முடியாது என்ற தடையும் 2024-ல் நீங்கியது.

3. வேலையை விடுபவர்கள், விடுவதற்கு முன்பே, குரூப்பிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறலாமா என்று எழுதிக் கேளுங்கள். அங்கே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். அந்தத் தம்பி இதைக் கேட்காமலே வந்துவிட்டார்.

4. அறை வாடகை வரம்பைப் படியுங்கள். வரம்பை மீறிய அறையில் தங்கினால் பல பாலிசிகளில் மற்றக் கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டப்படும்.

5. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கிடையாது. குரூப்புக்கு இன்னும் உண்டு.

6. நியாயமான கிளைமை மறுத்தால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை.

7. கட்டியதைவிட அதிகம் பலன் கிடைத்து, வசதியும் இருந்தால், மைசூர் தீர்மானத்தை நினைத்து அந்தக் கூடுதலைத் தர்மம் செய்யுங்கள். அது இன்னொரு நோயாளிக்குப் போகட்டும்.

நிறைவாக

அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வராண்டாவில் நம் இளைஞர்கள் இருவர் உட்காருவார்கள். குடும்ப அட்டை, ஆதார் கொண்டு வாருங்கள். அரசு அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பிக்க உதவுவார்கள். மருத்துவ நிதிக்கான யோசனையை முத்தவல்லி அவர்களிடம் இன்றே வைக்கிறேன். முதல் மாதச் சந்தா என்னுடையது.

அந்த பாயின் கடனைப் பிறகு சிலர் சேர்ந்து அடைத்தோம். ஆனால் நகை திரும்பவில்லை. கூட்டம் முன்பே நின்றிருந்தால் அவர் தனியாக நின்றிருக்க மாட்டார். "கூடாது" என்று சொல்லும் நாவு எனக்கு இருக்கிறது. "இதோ, நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லும் கைகள் உங்களிடம் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் அது முழு ஃபத்வா.

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக! கடனாளிகளின் கடனை நீக்குவானாக! வட்டியின் நிழலிலிருந்தும் நம்மைக் காப்பானாக! ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் ஜமாஅத்தாக நம்மை ஆக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.